வரைபடத்துக்கு வினைச்சொல் இல்லை

கவிதையை வாசிப்பதுபோல ஒரு நிலவரைபடத்தை உட்கார்ந்து வாசிக்க முடியுமா என்று கேட்டால் நம் வட்டத்தில் இரண்டு பதில்கள் கிடைக்கும். வரைபடம் வெறும் தகவல், தகவலுக்கும் படைப்புக்கும் சம்பந்தமில்லை என்பது ஒன்று. வரைபடம் ஏகாதிபத்தியத்தின் கருவி, அதற்குமேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை என்பது மற்றது. முதல் சாராருக்கு அதைப் பார்க்க அவசியமில்லை. இரண்டாம் சாராருக்கோ பார்க்காமலே எல்லாம் தெரியும். ஆக, இரு சாராரும் அதன் உருவத்தைப் பார்ப்பதில்லை. உருவம், உள்ளடக்கம் என்று இத்தனை வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற நமக்கு இது கொஞ்சம் வெட்கமாக இருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது ஒரு குறிப்பிட்ட வரைபடத்தைப் பற்றி. மேற்கு ஆஸ்திரேலியாவில் தெற்கே விலூனா என்ற ஊரிலிருந்து வடக்கே ஹால்ஸ் கிரீக் வரை, சுமார் 1,850 கிலோமீட்டருக்கு, ஒரு கோடு போகிறது. சிறு மணற்பாலை, கிப்ஸன் பாலை, பெரு மணற்பாலை என்று மூன்று பாலைவனங்களை அது கடக்கிறது. கோட்டின்மேல் சிறு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு எண். 1 முதல் 51 வரை. இவை கிணறுகள். கோட்டுக்கு கானிங் கால்நடைப் பாதை என்று பெயர். ஆல்ஃபிரட் கானிங் என்ற அரசாங்க சர்வேயர் 1906, 1907ஆம் வருஷங்களில் அளந்து, 1908 முதல் 1910 வரை கிணறு வெட்டி முடித்த பாதை. அதற்குமுன், அந்த மாகாணத்தின் விளைநிலங்களுக்குள் முயல்கள் புகாமல் தடுக்கப் போட்ட மிக நீண்ட வேலிக்கு அளவெடுத்தவரும் இவர்தான். கோடு போடுவதில் அபார நிபுணர்.

முதல் பார்வைக்கு இந்த வரைபடம் அழகானது. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. இருபக்கமும் வெறுமை, நடுவில் ஒரு கோடு, கோட்டில் ஏறக்குறைய ஒழுங்கான இடைவெளியில் எண்கள். சிக்கனம் என்று நாம் கவிதையில் எதைப் புகழ்கிறோமோ அது இதில் இருக்கிறது. ஒரு சொல் மிகையில்லை. அந்தச் சிக்கனம் எப்படி வந்தது என்பதுதான் என் விஷயம்.

அந்த இடைவெளி மாட்டின் நடைக்கு ஏற்பட்டது. வடக்கே கிழக்குக் கிம்பர்லி பிரதேசத்தில் மாடு வளர்த்தவர்களின் மந்தைகளுக்கு உண்ணி நோய் வந்தது. உண்ணி பரவும் என்று அவர்களுடைய மாடுகளைக் கப்பலில் தெற்கே அனுப்பத் தடை. மேற்குக் கிம்பர்லிக்காரர்கள் தெற்கின் மாட்டிறைச்சிச் சந்தையைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். தங்கச் சுரங்க ஊர்களில் இறைச்சி விலை ஏறியது. அப்போது, 1905இல், பாலைவனத்தின் வழியாக நடத்திக்கொண்டு வந்தால் வறட்சியில் உண்ணி செத்துவிடும், மாடு பிழைத்துவிடும் என்று ஒரு யோசனை எழுந்தது. மாடு பிழைக்க வேண்டுமானால் ஒரு நாள் நடைக்கு ஒரு தண்ணீர் வேண்டும். அதுவும் 800 மாடுகள்வரை குடிக்கிற அளவுக்கு. ஆகவே வரைபடத்தில் எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள வெண்மை என்பது ஒரு பசுவின் ஒரு நாள் தாகம். இது தெரிந்தபின் அந்த வெண்மையை வேறுவிதமாகப் பார்க்க எனக்கு இயலவில்லை.

1906 மே மாதம் கானிங் 8 பேரோடும் 23 ஒட்டகங்களோடும் 2 குதிரைகளோடும் கிளம்பினார். அவருக்கு முன் போனவர்கள் அந்த நிலத்தில் தண்ணீரில்லை என்று எழுதிவைத்திருந்தார்கள். தண்ணீர் இருந்தது. மணலுக்கடியில், பாறை இடுக்கில், ஒரு கைப்பிடிப் புல்லுக்கு அருகில், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற இடங்களில் இருந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்த மார்ட்டு, வால்மஜாரி முதலான மக்களுக்கு அது தெரியும். கானிங் அவர்களைப் பிடித்தார். கழுத்தில் சங்கிலி போட்டார். இரவில் ஓடிவிடாமல் மரத்தோடு பிணைத்தார். பகலில் தண்ணீருக்கு வழிகாட்டச் செய்தார். ஒருவருடைய நிலத்தின் எல்லை முடிந்து, அவருக்குத் தெரிந்த தண்ணீர் தீர்ந்துவிட்டால், அடுத்த நிலத்தில் அடுத்த ஆள். 1907 ஜனவரியில் ஹால்ஸ் கிரீக் போய்ச் சேர்ந்தார்.

இப்போது ஒரு வங்கிக் குமாஸ்தாவின் சந்தேகத்தை இங்கே எழுப்ப அனுமதியுங்கள். லெட்ஜரில் ஒரு பதிவு இருந்தால் அதன் பின்னால் ஒரு வவுச்சர் இருக்க வேண்டும். வவுச்சரில் ஒரு கையெழுத்தோ, குறைந்தபட்சம் ஒரு கைநாட்டோ இருக்க வேண்டும். தொகை சரியாக இருக்கிறது என்பதால் வவுச்சர் வேண்டாம் என்று எந்த ஆடிட்டரும் சொல்லமாட்டார். கானிங்கின் வரைபடம் தொகை சரியாக உள்ள லெட்ஜர். எண் 33 என்று போட்ட இடத்தில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் எண் 33ஐக் கொடுத்தது யார்?

ஆச்சரியம் என்னவென்றால் இந்த விவகாரத்தில் வவுச்சர் கிடைக்கிறது. பயணத்தில் சமையற்காரராகப் போன எட்வர்ட் பிளேக், திரும்பி வந்ததும் சங்கிலியைப் பற்றிப் புகார் கொடுத்தார். பெண்களை நடத்திய விதத்தைப் பற்றியும், அவர்களுடைய பொருள்களை எடுத்துக்கொண்டதைப் பற்றியும் சொன்னார். 1908இல் ராயல் கமிஷன் உட்கார்ந்தது. சங்கிலி போட்டதைக் கானிங் மறுக்கவில்லை. கமிஷன் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் உடனே எழுபது ஒட்டகங்களோடும் முப்பது ஆட்களோடும் கிணறு வெட்டப் போனார். சாட்சியங்கள் அச்சாகித் தங்கிவிட்டன. சமையற்காரர் ஒருவர் வாய் திறந்ததால் நமக்குத் தெரிகிறது. சங்கிலியில் இருந்தவர்களைக் கமிஷன் கூப்பிட்டு விசாரித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சாட்சியங்களிலிருந்து வரைபடத்துக்குத் திரும்பினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்குகிறது. சாட்சியத்தில் வாக்கியங்கள் இருக்கின்றன. வாக்கியங்களில் வினைச்சொல் இருக்கிறது. பிடித்தார், கட்டினார், ஓடினான், காட்டினாள். வரைபடம் ஒரு மொழி என்று வைத்துக்கொண்டால், அது பெயர்ச்சொற்கள் மட்டுமே உள்ள மொழி. கிணறு, குன்று, ஏரி, பாதை. வினைச்சொல் கிடையாது. வினைச்சொல் இல்லாத மொழியில் பொய் சொல்வது மிகக் கடினம். உண்மை சொல்வதோ அதைவிடக் கடினம்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இது விசேஷமாக உறைக்க வேண்டும். நம்முடைய வினைமுற்று தன் வாலிலேயே ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிறது. காட்டினான், காட்டினாள், காட்டினார்கள், காட்டினேன். யார், எத்தனை பேர், ஆணா பெண்ணா, பேசுகிறவனா பேசப்படுகிறவனா என்பதைச் சொல்லாமல் அந்தச் சொல்லை முடிக்கவே முடியாது. இலக்கணப் புத்தகம் சொல்கிற திணை, பால், எண், இடம் என்பதை நாம் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். நியாயமாகப் பார்த்தால் அது ஒரு ஒழுக்க விதி. இதிலிருந்து தப்பிக்க நமக்கிருக்கும் குறுக்குவழி செயப்பாட்டு வினை. ‘நீர் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டால் விகுதி நீருக்குப் போய்விடுகிறது. கண்டுபிடித்தவன் காணாமல் போகிறான். பத்திரிகைத் தமிழ், அரசாங்கத் தமிழ், பாடப்புத்தகத் தமிழ் எல்லாம் இந்த ‘பட்டது’வில்தான் ஓடுகின்றன. கானிங்கின் வரைபடத்தைத் தமிழில் உரைநடையாக்கினால் ஐம்பத்தொரு ‘பட்டது’கள் கிடைக்கும்.

இதற்கு நேரெதிராக ஒரு உரைநடை இருக்கிறது. கானிங்குக்குப் பத்து வருஷம் முன்னால், 1896இல், டேவிட் கார்னெகி என்ற ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்து இளைஞர் அந்தப் பாலைவனத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து, மறு வருஷம் திரும்பினார். 1898இல் ‘ஸ்பினிஃபெக்ஸும் மணலும்’ என்ற புத்தகத்தை எழுதினார். ஸ்பினிஃபெக்ஸ் என்பது அங்கே எங்கும் மண்டிக் கிடக்கிற, ஊசிபோல் குத்துகிற ஒரு புல். கார்னெகியும் ஆட்களைப் பிடித்தார். உப்புக்கண்டத்தைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தார். தாகம் தாங்காமல் தங்கள் நீருக்கு வழிகாட்டுவார்கள் என்பது கணக்கு. இதையெல்லாம் அவரே எழுதுகிறார். தன்னைக் கொடுமைக்காரன் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களுக்குப் பதிலும் வைத்திருக்கிறார். அந்தப் பதில் எனக்கு ஏற்கத்தக்கதாக இல்லை. ஆனால் புத்தகம் உயிரோடு இருக்கிறது. காரணம், அதில் பிடிபட்டவர்கள் நடமாடுகிறார்கள். கோபப்படுகிறார்கள், முரண்டு பிடிக்கிறார்கள், தப்பி ஓடப் பார்க்கிறார்கள். கார்னெகி அவர்களுக்கு அநியாயம் செய்கிறார். இருந்தும் அவருடைய வாக்கியங்கள் அவர்களை விட்டுவிட முடியவில்லை. எழுதுகிறவனுடைய நோக்கத்தை மீறி உரைநடை சாட்சி சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நல்ல மனசு இல்லாதவனிடமும் நல்ல உரைநடை இருக்க முடியும் என்பது நம்மில் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம்.

தன் அனுபவத்தின் முடிவாகக் கார்னெகி சொன்னது: இந்த வழியாக மாடு ஓட்டுவது நடக்காத காரியம். கானிங் நடத்திக் காட்டினார். இதை வைத்துக்கொண்டு கானிங்கின் வெற்றி கார்னெகியின் இலக்கியத்தைவிடப் பெரிது என்று யாராவது சொன்னால், அவர்களை மாட்டின் பக்கம் விட்டுவிடலாம்.

இதனால் வரைபடத்தின் துல்லியத்தை நான் இளக்காரம் செய்வதாக நினைக்க வேண்டாம். பாலைவனத்தில் தப்பான வரைபடம் கொல்லும். 1873இல் வார்பர்ட்டன் என்பவர் பெரு மணற்பாலையைக் கடந்தபோது ஒரு ஊற்றைக் கண்டு ஜோயன்னா ஊற்று என்று பெயரிட்டார். அதன் இருப்பிடத்தை அவர் குறித்ததில் பல மைல் பிசகு. 1896இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் போன கால்வெர்ட் பயணக்குழுவில், பிரிந்து சென்ற சார்ல்ஸ் வெல்ஸ், ஜார்ஜ் ஜோன்ஸ் இருவரும் ஜோயன்னா ஊற்றில் மற்றவர்களைச் சந்திப்பதாக ஏற்பாடு. வரைபடம் சொன்ன இடத்தில் ஊற்று இல்லை. இருவரும் தாகத்தில் செத்தார்கள். அடுத்த வருஷம் உடல்கள் கிடைத்தன. ஆகவே அட்சரேகையும் தீர்க்கரேகையும் அற்ப விஷயங்கள் அல்ல. என் வாதம் துல்லியத்துக்கு விரோதமானதல்ல. துல்லியம் மட்டும் போதும் என்று வரைபடம் நடிப்பதற்குத்தான் விரோதமானது.

பெயர்களிலும் இதே நடிப்புதான். 1897இல் ஃபிராங்க் ஹான் என்பவர் உள்நோக்கி ஓடுகிற ஓடைகளைப் பின்பற்றிப் போனார், ஒரு பெரிய நன்னீர் ஏரி கிடைக்கும் என்று நம்பி. கிடைத்தது உப்புச்சமவெளி. அதற்கு ‘ஏமாற்ற ஏரி’ என்று பெயர் வைத்தார். ஹானின் மனநிலை ஒரு நிலத்தின் பெயராகி நூற்றிருபது வருஷத்துக்குமேல் அச்சில் நின்றது. அந்த ஏரியைப் பற்றி மார்ட்டு மக்களுக்கு இருப்பது பயம். அதன் அடியில் மனிதரைத் தின்கிற ங்கயுர்னங்கல்கு என்ற ஜீவன்கள் வாழ்கின்றன, அதன்மேல் கால்வைக்கக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கு. 2020இல் அரசாங்கம் அதன் பெயரைக் கும்புபிந்தில் என்று மாற்றியது. ஏமாற்றத்துக்கும் பயத்துக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஏமாற்றம், நிலத்திடம் ஒன்றை எதிர்பார்த்து வந்தவனுடையது. பயம், நிலத்தோடு பேச்சுவார்த்தை உள்ளவனுடையது.

கானிங்கைப் பொறுத்தவரை இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அவர் எல்லாப் பெயர்களையும் அழித்துவிடவில்லை. பல கிணறுகளின் எண்ணுக்குப் பக்கத்தில், தன் காதில் விழுந்தபடி, அந்த மக்களின் சொல்லை எழுதிவைத்திருக்கிறார். எண் 33க்குப் பக்கத்தில் ‘குனொவாக்கி’ என்று இருக்கிறது. அது குனவாரிச்சி. இப்போது அங்கே அதே பெயரில் ஒரு சிறு குடியிருப்பு இருக்கிறது. கரடுமுரடான ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குள்ளிருந்து ஒரு வாய் எட்டிப்பார்க்கிறது. வரைபடம் முழுவதிலும் அந்தச் சில எழுத்துக்கள்தான் என்னை நிறுத்துகின்றன.

குனவாரிச்சிக்கும் எண் 33க்கும் உள்ள வித்தியாசம் பெயரின் இனிமையல்ல. அந்த மக்களின் மொழிகளில் தண்ணீருக்குப் பல வகை. ஜுமு என்பது மழைக்குப்பின் சில காலம் நிற்கிற, தோண்டி எடுக்கிற நீர். ஜிலா என்பது என்றும் வற்றாத, உயிருள்ள நீர். ஆதியில் மழை கொண்டுவந்து நடந்து திரிந்த மனிதர்கள் கடைசியில் பாம்பாகி அங்கே உள்ளே போய்விட்டார்கள். கூர்ட்டல், கானிங்கார்ரா, விர்ன்பா என்று அவர்களுக்குப் பெயர் உண்டு. ஜிலாவை அணுகுகிறவர் தான் யார் என்று குரல் கொடுத்துச் சொல்லவேண்டும். சொல்லாமல் போகக் கூடாது. தண்ணீர் அங்கே படர்க்கை இல்லை, முன்னிலை.

இதையெல்லாம் அழகான நம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுக் காரியத்தைப் பார்ப்போம் என்பவர்களுக்குக் காரியமே சொல்கிறேன். கானிங் பெரும்பாலும் இந்த ஊற்றுக்களின்மேல்தான் கிணறு வெட்டினார். மரச்சட்டம் கொடுத்து ஆழமாக்கி, ராட்டினமும் கனத்த வாளியும் வைத்தார். ஒட்டகத்தைக் கட்டி இழுத்து நீர் இறைக்கிற ஏற்பாடு. கையால் மணலைத் தோண்டிக் குடித்துவந்த குடும்பத்துக்கு இப்போது ஆழத்தில் தண்ணீர் தெரிகிறது, எட்டவில்லை. வாளியைத் தூக்கப் போனவர்களுக்கு அடிபட்டது. உள்ளே விழுந்தவர்களும் உண்டு. கிணறுகளை அவர்கள் உடைத்தார்கள், மரத்துக்குத் தீ வைத்தார்கள். அரசாங்கக் குறிப்புகளில் இது நாசவேலை. 1929இல் பாதையைப் பழுதுபார்க்கப் போன வில்லியம் ஸ்னெல் மட்டும் கிணற்றின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது, இந்த மக்களால் இதில் இறைக்க முடியாது என்று எழுதி, தான் சரிசெய்த கிணறுகளில் ஏணி வைத்தார். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிற செயல் அந்த ஏணி. அது எந்த வரைபடத்திலும் குறிக்கப்படவில்லை. (பார்த்தீர்களா, ‘பட்டது’ என் பேனாவிலும் வருகிறது.)

1911இல் முதல் மந்தைகளில் ஒன்றை ஓட்டிவந்த தாம்ஸன், ஷூஸ்மித், அவர்களோடு வந்த ஒரு பழங்குடித் தொழிலாளி மூவரும் 37ஆம் கிணற்றருகே கொல்லப்பட்டார்கள். பழிவாங்கப் போன போலீஸ் குழு குறைந்தது பத்துப் பேரைக் கொன்றது. 1911 முதல் 1931 வரை இருபது வருஷத்தில் அந்தப் பாதையில் எட்டு மந்தைகள்தான் போயின. கடைசி மந்தை 1959இல். இத்தனை சங்கிலிக்கும் இத்தனை கிணற்றுக்கும் போன மாடு இவ்வளவே. இப்போது நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டிகளில் உல்லாசப் பயணிகள் போகிறார்கள்; சில கிணறுகளைத் தூர்வாரிப் பழையபடி கட்டியிருக்கிறார்கள், பல தூர்ந்துபோய்விட்டன. 40ஆம் எண்ணருகே, கானிங்கின் துளைபோடும் ஆளாகப் போய் 1907இல் ஈட்டியால் செத்த மைக்கேல் தோபினுக்குப் பளிங்குச் சிலுவை நிற்கிறது. தோபினின் குண்டில் செத்த மனிதனுக்கு ஒன்றும் நிற்கவில்லை.

பாலைவனம் என்று சொன்னதும் பாலைத்திணைக்குப் போய்விடுகிற நண்பர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். நம் பாலை முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்த கோலம். மழை வந்தால் அது மாறிவிடும். பிரிவுக்கு ஒரு பின்புலம். அங்கே தலைவன் கடந்து போகிறவன். நான் பேசுகிற மனிதர்கள் அந்த நிலத்தைக் கடக்கிறவர்கள் அல்ல, அதில் இருக்கிறவர்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிவிடலாம்தான். எழுதாமல் இருப்பது நல்லது.

அந்த மனிதர்களில் ஒருவர் ரோவர் தாமஸ். எண் 33 என்று வரைபடம் சொல்கிற குனவாரிச்சியின் அருகில், சுமார் 1926இல் பிறந்தவர். சிறுவயதில் தாய் இறந்தபின் ஒரு மாட்டோட்டியோடு இதே பாதையில் வடக்கே போனார். பண்ணைகளில் மாடு மேய்த்தார். 1974 டிசம்பரில் டார்வின் நகரத்தைப் புயல் அழித்த காலத்தை ஒட்டி, விபத்தில் இறந்த உறவுக்காரப் பெண் ஒருத்தியின் ஆவி அவருக்குக் கனவில் ஒரு பயணத்தைச் சொன்னது, இடம் இடமாக. அது பாட்டும் ஆட்டமுமான ஒரு சடங்காயிற்று. ஆடுகிறவர்கள் தோளில் சுமந்த பலகைகளில் அந்த இடங்களின் படங்கள். அங்கிருந்துதான் அவருடைய ஓவியம் தொடங்குகிறது. பூமியிலிருந்து எடுத்த காவியும் கறுப்பும் வெள்ளையும், அகன்ற, வெறுமையான பரப்புகள், புள்ளிகளாலான ஓரம். 1990இல் வெனிஸ் பியெனாலேயில் ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் இருவரில் ஒருவர். 2001இல், அவர் இறந்து மூன்று வருஷத்துக்குப்பின், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவருடைய மழைப்படம் ஒன்றை 7,78,750 டாலருக்கு வாங்கியது.

விமர்சகர்கள் அவரை மார்க் ரோத்கோவோடு ஒப்பிட்டார்கள். அரூப ஓவியம், வண்ணப் பரப்பு, மௌனம், இத்யாதி. ரோவர் தாமஸ் தேசியக் கலைக்கூடத்தில் ரோத்கோவின் படத்தைப் பார்த்துவிட்டு, என்னைப்போலவே வரைகிற இந்தப் பயல் யார் என்ற பொருள்பட விசாரித்தாராம். பலரும் இதை வேடிக்கையாகத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு இது கூர்மையான விமர்சனமாகப் படுகிறது. ஒப்பீட்டின் திசையை ஒரே வாக்கியத்தில் திருப்பிவிடுகிறார். அவருடைய பரப்புகள் அரூபமல்ல. அவை இடங்கள். இந்தக் குன்று, இந்த ஆறு, இன்னாரைக் கொன்ற இடம். ‘அரூபம்’ என்று விமர்சகன் சொல்லும்போது கானிங் செய்ததையே செய்கிறான்: தண்ணீரை எடுத்துக்கொண்டு, காட்டியவரை விட்டுவிடுகிறான்.

பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விமர்சன முறை, கவிதையை எழுதியவனிடமிருந்து துண்டித்துப் பார் என்பது. பிரதி மட்டுமே முன்னால் இருக்கட்டும். அந்தப் பயிற்சிக்கு நான் கடமைப்பட்டவன். கவிஞரின் சாதி, கட்சி, கருணையுள்ளம் இவற்றைப் பேசிப் பேசிக் கவிதையைப் பார்க்காமலே போகிற நம் சூழலில் அது ஒரு மருந்து. ஆனால் மருந்தைச் சோறாகத் தின்னக்கூடாது. ‘இக்கவிதையில் தனிமை சித்தரிக்கப்பட்டிருக்கிறது’ என்று எழுதுகிற நம் மதிப்புரைகளில் யார் தனிமையில் இருக்கிறான், யாரிடம் சொல்கிறான், ஏன் சொல்ல நேர்ந்தது என்பதெல்லாம் சங்கிலியோடு மரத்தடியில் கிடக்கின்றன. எண் போட்ட கிணறுதான் வாசகனுக்குக் கிடைக்கிறது.

இதற்கு மாற்று, பிரதியைவிட்டு வாழ்க்கை வரலாற்றுக்குப் போவது என்று நான் சொல்லவில்லை. குரல் பிரதிக்கு உள்ளேயே உருவமாக இருக்கமுடியும். அப்படிப்பட்ட ஒரு பிரதி 1997இல் உண்டானது. பெரு மணற்பாலையின் மக்கள் தங்கள் நிலத்துக்கு உரிமை கேட்டுப் பூர்வகுடி நில உரிமைத் தீர்ப்பாயத்தின் முன் போனார்கள். ஆங்கிலத்தில் சாட்சி சொல்வது சிரமமாக இருந்தது. தங்கள் நிலத்தை வரைந்து காட்டுவதென்று முடிவு செய்தார்கள். முதலில் ஒரு துணி, அது போதாதென்று சுமார் பத்து மீட்டருக்கு எட்டு மீட்டரில் இன்னொரு துணி. பிர்னினி என்ற இடத்தில் தரையில் விரித்து, ஒவ்வொருவரும் தத்தம் தண்ணீரின்மேல் உட்கார்ந்து வரைந்தார்கள். ங்குர்ரரா என்று அந்தத் துணிக்குப் பெயர். (சொல்லின் முதலில் வருகிற இந்த ஒலியை எழுத ஆங்கிலத்துக்கு இரண்டு எழுத்து வேண்டியிருக்கிறது. நமக்கு ஆத்திசூடியில் மட்டும் வேலை செய்கிற ஒரு எழுத்து சும்மா இருக்கிறது.)

தீர்ப்பாயத்தின் முன் துணி விரிக்கப்பட்டது, இல்லை, விரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்துபோய், துணியில் தான் வரைந்த ஜிலாவின்மேல் நின்று, தன் மொழியில் பேசினார்கள். இது என் தகப்பனுடைய நீர், இது என்னுடையது என்கிற ரீதியில். 2007 நவம்பரில் அவர்களுடைய உரிமை அங்கீகாரம் பெற்றது.

கானிங்கின் வரைபடத்தையும் இந்தத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலத்தின் தண்ணீரைப் பற்றியவை. கானிங்கின் கோடு எல்லோருக்கும் உபயோகப்படும். அதுதான் அதன் பெருமை. எண்ணைப் படிக்கத் தெரிந்த எவனும் எடுத்துக்கொண்டு போகலாம். ங்குர்ரராவை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் ஒரு வாய்த் தண்ணீர் கண்டுபிடிக்க முடியாது. வழி அதில் இல்லை. வழி தெரிந்தவர் அதன்மேல் வந்து நிற்கவேண்டும். நின்றால்தான் வாக்கியம் முடிகிறது. அதாவது, வினைமுற்று துணிக்கு வெளியிலிருந்து, கால் வழியாக, வருகிறது. தன்மை ஒருமையில்.

அவர்களும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. சில நீர்களின் கதை சிலருக்கு மட்டுமே உரியது. பார்வையாளனுக்குப் புள்ளிகளும் வட்டங்களும்தான். இதையும் ஒரு மறைப்பு என்று கானிங்கின் கணக்கில் சேர்க்கலாமா? கூடாதென்பது என் அபிப்பிராயம். மறைத்தவர் அங்கே நிற்கிறார். கேட்டால், சொல்லமாட்டேன் என்று சொல்ல ஆள் இருக்கிறது. கானிங்கின் 33ஐக் கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை. நல்ல கவிதையின் இருண்மைக்கும், வெறும் புரியாமைக்கும் நாம் பிரித்துச் சொல்லத் திணறுகிற வேறுபாடுகூட இங்கே எங்கோதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதை வேறொரு சமயம்.

ங்குர்ரராவை இப்போது கலைக்கூடங்களும் காட்சிக்கு விரும்புகின்றன. அதன் அளவுக்குச் சுவர் கிடைப்பது கஷ்டம். கிடைத்து, மாட்டியும்விட்டால், யாரும் அதன்மேல் நிற்க முடியாது.